ஒருவரும் துரத்தவில்லை, மகனே

இன்னும் பிறக்காத, பிறந்ததும் என்னைப் போலவே வாய்காட்டப் போகிற என் மகனுக்கு,

எனக்கு இப்போது பதினெட்டு வயது. உன் அம்மா யார் என்று எனக்கே தெரியாது. அந்தப் பதவிக்கு இதுவரை யாரும் விண்ணப்பிக்கவில்லை. ஆனாலும் இந்தக் கடிதத்தை இப்போதே எழுதிவிடுவது நல்லது. அப்பாமார் மகன்மாருக்குக் கடிதம் எழுதத் தொடங்குவது எப்போதும் பிந்தித்தான். தலை நரைத்து, முழங்கால் முனகத் தொடங்கி, பதினெட்டு வயதில் தாங்கள் எப்படி இருந்தார்கள் என்பது முழுக்க மறந்துபோன பிறகுதான் பேனாவைத் தேடுவார்கள். அதனால்தான் அந்தக் கடிதங்களில் வருகிற எல்லா அப்பாமாரும் விடியவே எழும்பியவர்களாகவும், பள்ளிக்கு ஒரு நாளும் கள்ளமடிக்காதவர்களாகவும் இருக்கிறார்கள். நான் சூடு ஆறுமுன் பரிமாறுகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை படிப்பதற்காக லீல் நகரத்துக்கு ரயில் ஏறுகிறேன். பெட்டி கட்டியாயிற்று. அதில் என் உடுப்பைவிட அம்மா வறுத்து இடித்த மிளகாய்த்தூள்தான் அதிகம். நிலையத்தில் பொலிஸ் நாய் என் பெட்டியை மோந்து பார்த்தால், பாவம், தும்மியே ஓய்வூதியம் எடுக்கும்.

தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. பிரெஞ்சில் எழுதினால் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு, ‘சரி, விளங்கிவிட்டது’ என்று தோளைக் குலுக்குவாய். தமிழில் என்றால் கொஞ்சம் வியர்க்கும். நானும் வியர்த்துத்தான் படித்தேன். பாதி சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், மீதி பாரிஸின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலின் கடைக் கண்ணாடிகளில் ஒட்டியிருக்கும் மரண அறிவித்தல்களில். அதனால் என் நடை எங்கேயாவது இழவுவீட்டுப் பக்கம் சாய்ந்தால் பொறுத்துக்கொள்.

விஷயத்துக்கு வருகிறேன். உயர்நிலைப் பள்ளியின் கடைசி வருடம், ஜனவரி மாதத்தில், நான் ஹாண்ட்போல் விளையாடுவதை விட்டேன். பந்தைக் கையால் எறிந்து கோல் போடுகிற விளையாட்டு அது. எங்கள் பள்ளியில் அதற்கென்று தனிப்பிரிவே இருந்தது. சேர்ந்த முதல் வருடத்திலிருந்தே நான் அதில் கோல் காப்பவன். உதைபந்தில் கோல் காப்பவன் பந்தைப் பிடிப்பான். ஹாண்ட்போலில் பந்துதான் கோல் காப்பவனைப் பிடிக்கும். தொடையில் பிடிக்கும், தோளில் பிடிக்கும், சொல்லக் கூடாத இடங்களிலும் பிடிக்கும். அப்படிப் பிடித்த பந்துகளை எனக்கும் பிடித்திருந்தது. நான் கெட்ட கோல்காப்பாளன் அல்ல என்பதை நீ குறித்துக்கொள். பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை, பயிற்சி முடிந்து சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, இதை இனிமேல் கட்ட விருப்பமில்லை என்று தெரிந்தது. அவ்வளவுதான். இடி இடிக்கவில்லை. யாரோடும் சண்டை இல்லை. அடுத்த பயிற்சிக்குப் போய்க் கோச்சிடம் நேரே சொன்னேன். அவர் இன்னொரு முறை யோசிக்கச் சொன்னார். யோசித்தேன். அதே பதில்தான் வந்தது.

ஆனால் இந்த நாட்டில் கடைசி வருடம் என்பது விண்ணப்ப வருடம். பல்கலைக்கழகமோ வேறு மேற்படிப்போ, எல்லோரும் ஒரே அரசாங்க இணையத்தளத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். புள்ளிகள் போகும், ஆசிரியர்கள் எழுதிய குறிப்புகள் போகும், ‘ஏன் இந்தப் படிப்பு’ என்று நீ எழுதுகிற கடிதம் போகும். வகுப்புக்கு வெளியே என்ன கிழித்தாய் என்று கேட்கிற ஒரு பெட்டியும் இருக்கிறது. என் பெட்டியில் ஹாண்ட்போலைத் தவிர ஒன்றுமில்லை. நான் ஆசைப்பட்டது பாரிஸிலேயே இருக்கிற ஓர் ஒலிப்பதிவுப் படிப்புக்கு. அதற்கு எனக்கு இருந்த ஒரே உண்மையான அனுபவத்தைப் பெட்டியில் போட முடியாது: பள்ளி மணியைப் பதிவு செய்து, வரலாற்று வகுப்பு முடிய வெகு முன்னரே தாழ்வாரத்தில் ஒலிக்கவிட்டு, முழு மாடியையும் வெளியே கொண்டுவந்தவன் நான். வரலாற்று ஆசிரியரே கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதைவிட நல்ல ஒலித் தரச் சான்றிதழ் எனக்கு யார் தருவார்கள்?

எங்கள் வகுப்பாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்லவர்தான். விண்ணப்பங்கள் ஏப்ரலில் மூடும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டு விளையாடு, மூடிய மறுநாள் விடு என்றார். இப்போது விட்டால் தவணை அறிக்கையில் ‘விலகினார்’ என்று ஏறும்; தெரிவுக்குழு புள்ளியை மட்டும் பார்ப்பதில்லை, தொடங்கியதைத் தொடர்கிறவனா என்றும் பார்க்கும் என்றார். எங்கள் அணியில் இன்னும் மூன்று பேர் ஏப்ரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். பந்து எறியும்போதே அவர்கள் கண் நாட்காட்டியில் இருந்தது. அந்த அறையில் நான் சொன்ன பதிலை உனக்கும் சொல்கிறேன்: விருப்பமில்லாமல் நிற்பதற்குப் பெயர் விடாமுயற்சி என்றால், விடும் முயற்சிக்கு யாராவது ஒரு பெயர் வைக்க வேண்டும். தமிழில் நன்றாக இருக்கிறது, இல்லையா? பிரெஞ்சில் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

வீட்டில் இதைவிடக் கடினம். எங்கள் வீடு மெட்ரோ மேம்பாலத்துக்கு நேரே மூன்றாம் மாடியில். ரயில் போகும்போது எல்லோரும் பேச்சை நிறுத்தி, போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவோம். சண்டை பிடிக்க அருமையான வீடு. பதில் யோசிக்க ரயில் நேரம் தரும். அப்பா, அதாவது உன் அப்பப்பா, கீழே தெருமுனையிலுள்ள தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவர். அன்றைக்கு வேலையால் வந்து, கை கழுவி, சோற்றில் கை வைத்தபோது சொன்னேன்.

“ஏன்டா விட்டனி?”

“விருப்பமில்லை, அப்பா.”

“அது காரணம் இல்லை.”

“அதுதான் காரணம்.”

“ஆரும் ஏதும் சொன்னவங்களோ? கறுவல் எண்டு, கட்டை எண்டு?”

“இல்லை. நான் கட்டையும் இல்லை.”

“கை கால் ஏதும் நோகுதோ?”

“இல்லை.”

ரயில் ஒன்று போனது. காத்திருந்தோம்.

“அப்ப ஏன்டா விட்டனி?”

அம்மா குழம்புச் சட்டியை நடுவில் வைத்தாள். “ரெண்டு பேரும் முதல்லை சாப்பிடுங்கோ. பேந்து திரும்பவும் ‘ஏன்டா’விலை இருந்து தொடங்கலாம். அது ஒரு இடமும் ஓடாது.”

அப்பாவின் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவரைச் சும்மா ஒரு முரட்டு மனிதன் என்று நினைத்துவிடுவாய். அவர் மன்னாரிலிருந்து இங்கே வந்து அகதியாக விண்ணப்பித்தபோது, ஏன் நாட்டை விட்டாய் என்று கேட்டார்களாம். “பயமா இருந்தது, வந்தனான்” என்று சொன்னாராம். வேறு ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு மேல் என்ன சொல்ல இருக்கிறது என்றுதான் நினைத்திருக்கிறார். நிராகரித்துவிட்டார்கள். பயம் மட்டும் போதாதாம். யார் பயமுறுத்தியது, எங்கே வைத்து, எத்தனை முறை, உடம்பில் அடையாளம் இருக்கிறதா, அதெல்லாம் வேண்டுமாம். பிறகு மேல்முறையீட்டுக்கு ஒருவர் அப்பாவை உட்காரவைத்து, கேள்வி கேட்டுக் கேட்டு, நடந்ததையெல்லாம் வெளியே எடுத்து வரிசையாக எழுதிக் கொடுத்தார். அப்பா வென்றார். அன்றிலிருந்து அப்பாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு சட்டம்தான். “காரணம் இல்லாத கோப்பு ரிஜெக்ட்.” எனக்குச் சளி பிடித்தால்கூடக் காரணம் கேட்பார்.

எழுதிக் கொடுத்தவரை லாச்சப்பலில் எல்லோரும் கேஸ் மாஸ்டர் என்பார்கள். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் ஒரு தொலைபேசிக் கடையின் பின்பக்கம்தான் அவருடைய இடம். பாஸ்போர்ட் படம் எடுக்கிற திரைக்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர். அகதி விண்ணப்பங்கள் குறைந்த பிறகு வீட்டுக்கு மனு, வேலைக்கு மனு, பள்ளிக்கு மனு என்று எல்லாமும் எழுதினார். பொய் எழுதமாட்டார், அது அவருடைய மானம். நீ சொல்வதை, அலுவலகம் நம்புகிற ஒழுங்கில் அடுக்குவார். சனிக்கிழமை மத்தியானம் அப்பா, கடையில் ஒரு மணித்தியாலம் கேட்டு வாங்கி, ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனார். உலகத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்து விளையாட்டிலிருந்து விலகியதற்கு அகதிக் கேஸ் எழுதப் போன முதல் குடும்பம் நாங்கள்தான் என்று நினைக்கிறேன்.

“இரும், தம்பி,” என்றார் மாஸ்டர். விரல்களை நெட்டி முறித்துவிட்டு விசைப்பலகையில் வைத்தார். “எப்பத்திலை இருந்து பிரச்சினை?”

“பிரச்சினை ஒண்டும் இல்லை, மாஸ்டர்.”

“ஓம், எல்லாரும் முதல்லை அப்பிடித்தான் சொல்லுறவை.”

“அவன் சொல்லமாட்டான், மாஸ்டர், நான்…” என்று அப்பா தொடங்கினார்.

“நீங்கள் பேசாமல் நில்லுங்கோ. அவரின்ரை வாயாலை வரட்டும். சொல்லும் தம்பி, அங்கை ஆர் பொறுப்பு?”

மகனே, என்னை யாராவது இவ்வளவு மரியாதையோடு விசாரித்தால் நான் என்ன செய்வேன் என்று உனக்குத் தெரியாதா? நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதைக் கவனமாகப் பார்.

“கோச்,” என்றேன். “எப்பவும் ஒரே சீருடை. கழுத்திலை விசில்.”

“ம். என்ன செய்வார்?”

“மற்றப் பெடியளை வரிசையிலை விடுவார். நான் தனியச் சுவர்ப் பக்கம் நிக்கவேணும். விசில் ஊதினால் ஒவ்வொருத்தரா ஓடிவந்து என்னை நோக்கி எறிவினம்.”

“பலமாவோ?”

“பலமா எறியாட்டி அவர் பேசுவார்.”

“நீர் விலகி ஓடேலாதோ?”

“விலகக் கூடாது. அதுதான் அங்கத்தைச் சட்டம். எறியிறதுக்கு முன்னாலை போய் நிக்கவேணும்.”

மாஸ்டரின் விரல்கள் மழை மாதிரி விழுந்தன. “அடையாளம் ஏதும் இருக்கோ?”

சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினேன். கடைசிப் பயிற்சியில் வாங்கிய கண்டல், மஞ்சளும் பச்சையுமாக, நல்ல பழுத்த மாம்பழ நிறத்தில் இருந்தது. மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்துவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தார். வயிற்றுக்குள் சிரிப்பு குதித்துக்கொண்டிருந்தது எனக்கு. திரும்பி அப்பாவைப் பார்த்தேன், அவரும் சிரித்துவிடுவார் என்று. அவர் மாஸ்டர் கொடுத்த, பால் விடாத பிளேன்ரீக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டு, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு பக்கம் அச்சாகி வந்தது. அற்புதமான பிரெஞ்சு. ‘மேற்கூறிய காரணங்களால், குறித்த இடத்துக்கு நான் திரும்பிச் செல்வது என் பாதுகாப்புக்கு உகந்ததல்ல’ என்று முடிந்தது. அதை அனுப்பியிருந்தால் ஒலிப்பதிவுப் படிப்பு கிடைத்திருக்குமோ தெரியாது, பத்து வருட வதிவிட அனுமதி நிச்சயம் கிடைத்திருக்கும். வீட்டுப் படியேறும்போது வாசித்து வாசித்துச் சிரித்தேன். கடிதத்தை அப்பா என் கையிலிருந்து வாங்கி மடித்து உள்பைக்குள் வைத்தார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை மீன் கடை பூட்டு. கணக்கு வகுப்பில் இருந்தபோது மேற்பார்வையாளர் கதவைத் தட்டி, உன் அப்பா கீழே நிற்கிறார் என்றார். என் அப்பா என் பள்ளிக்கு ஒரு நாளும் வந்ததில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாதான் வருவாள். போட்டிகள் எல்லாம் சனிக்கிழமை, சனிக்கிழமைதான் கடையில் மீன் அதிகம் போகும் நாள். நான் கோல் காத்ததை அவர் ஒரு தரமும் பார்க்கவில்லை. கீழே போனேன். ஞாயிறு பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டை, கையில் கோப்பு, அவர்மேல் வாசனைத் தைலத்தையும் மீறி மெல்லிய அறக்குளா மீன் மணம்.

“அவன் எங்கை?” என்றார்.

“ஆர், அப்பா?”

“உன்னைச் சுவரோடை நிப்பாட்டி எறிவிச்சவன்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. அப்பா, அது பகிடி, சும்மா சிரிப்புக்குச் சொன்னது என்றேன். “கையைக் காட்டினனி. நான் பாத்தனான்,” என்றார். அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: பயம், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றுதான் தானும் முதலில் சொன்னார். மாஸ்டர் கேட்ட பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. தன் மகனுக்கும் அப்படித்தான் என்று மனிதர் இரண்டு நாளாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறார். என் பகிடிகளில் பள்ளி மாடி முழுக்க விழுந்திருக்கிறது. ஒரு தகப்பன் விழுந்தது அதுதான் முதல் தடவை.

விளையாட்டு மண்டபத்தில் கோச் வலைப்பையில் பந்துகளை அள்ளிக்கொண்டிருந்தார். அப்பாவின் பிரெஞ்சு மீனுக்கும் நிறைக்கும் போதும். நியாயம் கேட்கப் போதாது. “மொழிபெயர்,” என்றார். “என்ரை பிள்ளையிலை ஏன் கை வைச்சவர் எண்டு கேள்.”

நான் கோச்சைப் பார்த்துப் பிரெஞ்சில், என் அப்பா உங்களைச் சந்தித்து நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்றேன். நீ என் இடத்தில் இருந்திருந்தால் வேறென்ன சொல்லியிருப்பாய்? கோச் முகமெல்லாம் மலர்ந்து, அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அப்பா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“என்னடா சொன்னனி? அவன் ஏன் சிரிக்கிறான்?”

இனி ஓட இடமில்லை. விலகக் கூடாது, அதுதான் அங்கத்தைச் சட்டம். இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு மொழியிலும் நடந்தது அத்தனையும் சொன்னேன். மாஸ்டரின் கேள்விகள், என் பதில்கள், மாம்பழக் கண்டல். கோச் முதலில் கோபப்படுவாரோ என்று பார்த்தேன். அவர் கொஞ்ச நேரம் அப்பாவின் பூசைச் சட்டையைப் பார்த்தார். பிறகு ஒரு பந்தை எடுத்து அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு, தான் போய்க் கோலுக்குள் கைகளை விரித்து நின்றார்.

“என்னவாம்?”

“எறியட்டாம்.”

“ஆருக்கு?”

“அவருக்குத்தான். நான் நிண்ட இடம் அது, அப்பா. அதுதான் என்ரை வேலை.”

அப்பா கோப்பை என்னிடம் தந்தார். இரண்டு நாள் கோபம் முழுக்க அந்தக் கையில் இருந்தது. தினமும் மீன் வெட்டுகிற கை. பந்து போய்க் கோச்சின் தொடையில் ‘சடார்’ என்று விழுந்தது. மண்டபமே எதிரொலித்தது. கோச் தொடையைத் தேய்த்துக்கொண்டு, ‘நல்லது, இன்னொன்று’ என்றார். மொழிபெயர்க்கத் தேவை வரவில்லை. அப்பா இன்னொன்றும் எறிந்தார். மூன்றாவதைக் கோச் காலால் தடுத்தார். அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். “இப்பிடியே ஒவ்வொரு கிழமையும் வாங்கினனி?” என்றார் என்னிடம். ஓம் என்றேன். “விரும்பியோ?” விரும்பித்தான், விருப்பம் தீரும் வரைக்கும் என்றேன்.

கோச் வந்து சொன்னார், நான் வரிக்கு வரி தமிழில் சொன்னேன்: இவன் நல்ல கோல்காப்பாளன், போகாதே என்று நான் கேட்டேன், போய்விட்டான், எனக்கு இன்னும் கோபம்தான், ஆனால் ஏப்ரல் வரைக்கும் நடிக்கிற மற்றவர்களைவிட இவனில் எனக்குக் கோபம் குறைவு. அறிக்கையில் ‘தன் விருப்பப்படி விலகினார்’ என்றுதான் எழுதினேன், அதை மாற்றமாட்டேன்.

“ஒருத்தரும் அடிக்கேல்லையோ?” என்று அப்பா என்னிடம் கேட்டார்.

“இல்லை.”

“ஒருத்தரும் போ எண்டு சொல்லேல்லையோ?”

“இல்லை, அப்பா. நானாத்தான் விட்டனான்.”

மேம்பாலத்துக்குக் கீழே நடந்து வந்தோம். பகிடிக்கு மன்னிப்புக் கேட்டேன். அது ஒன்றுக்கு மட்டும். விட்டதற்குக் கேட்கவில்லை. மேலே ரயில் போகும்போதெல்லாம் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, ரயில் போனதும் சொல்லாமல் விட்டார். சந்தி திரும்புகிற இடத்தில் நின்றார்.

“நான் விட்டதெல்லாம் ஆரோ துரத்தி விட்டதடா. வீடு, வள்ளம், படிப்பு, எல்லாம். தானா ஒண்டை விட்டுட்டு நடந்து வாறது எப்பிடி எண்டு எனக்குத் தெரியாது.” பிறகு, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவர் மாதிரிக் கேட்டார், “எப்பிடி இருந்தது?”

நான் யோசித்தேன். “முதல்லை பயமா இருந்தது. பேந்து நல்லாப் பசிச்சது.”

அவர் சிரித்தாரா இருமினாரா தெரியாது. அடுத்த கடையில் மீன் ரோல் வாங்கித் தந்தார். தின்று முடியுமுன்னே, “ஆனா ரிஜெக்ட் வரும், பார்,” என்றார்.

மாஸ்டரின் கடிதத்தை நான் அனுப்பவில்லை. அந்தப் பெட்டியில் நானே எழுதினேன்: பள்ளி ஹாண்ட்போல் அணியில் இரண்டரை வருடம் கோல் காத்தேன். இந்த வருடம் நிறுத்தினேன். காயம் இல்லை, பிணக்கு இல்லை. விருப்பம் தீர்ந்தது, நேரே சொல்லிவிட்டு வந்தேன். மிச்ச நேரத்தில் சத்தங்களைக் கேட்கிறேன். அம்மா அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு, “உப்பில்லாத கஞ்சி மாதிரி இருக்கு. ஆனா உன்ரை கஞ்சி,” என்றாள். அப்பா கேட்டார், நெற்றியைத் தேய்த்தார், “அனுப்பு,” என்றார்.

இனி, நீ உண்மையில் கேட்க விரும்புவதைச் சொல்கிறேன். ஆம், இழந்தேன். ஜூனில் பதில்கள் வந்தபோது ஒலிப்பதிவுப் படிப்பில் காத்திருப்போர் பட்டியல். கோடை முழுக்கத் தொலைபேசியைக் குளியலறைக்கும் கொண்டுபோனேன். என் இலக்கம் நகர்ந்து நகர்ந்து, கதவுக்கு முன்னால் வந்து நின்றுவிட்டது. எங்கள் அணியில் இடதுபக்கம் ஓடுகிறவன், என்னைவிடப் புள்ளி குறைந்தவன், ஏப்ரல் வரை பொறுத்திருந்து மறுநாள் விட்டவன், அவனுக்கு அதே இடம் கிடைத்தது. ஹாண்ட்போலை விட்டதால்தானா? தெரியாது. தளம் காரணம் சொல்வதில்லை. அப்பாவின் நிராகரிப்பிலாவது ஏன் என்று ஒரு பக்கம் எழுதியிருந்தார்களாம். என் கோப்பில் காரணம் இருந்தது, அவர்களுடைய பதிலில்தான் இல்லை. வகுப்பாசிரியை ‘நான் சொன்னேனே’ என்று சொல்லவில்லை, அவருடைய புருவம் சொன்னது. புறநகரான கார்ஜிலிருந்து வந்த சித்தி மூன்று மாதம் பொறுத்திருக்கலாமே என்று மீன்குழம்பு முடியும் வரை சொல்லிக்கொண்டிருந்தாள். பொறுத்திருக்கலாம். பொறுத்திருந்தால் இப்போது பாரிஸில் இருந்திருப்பேன், என் பெட்டியில் மிளகாய்த்தூள் இருந்திருக்காது. ஆனால் அந்த மூன்று மாதமும் கோலுக்குள் நின்றிருக்கப் போவது நான் அல்ல, ஒரு விண்ணப்பம். விண்ணப்பத்தின் தொடையில் பந்து பட்டால் அதற்கு நோகாது. எனக்கு நோகும்.

லீலில் எனக்குக் கிடைத்திருப்பது பௌதிகம். அலைகளைப் பற்றி முதல் வருடத்திலேயே ஒரு பாடம் இருக்கிறது. பின்கதவால் ஒலிக்குள் நுழையப் பார்க்கிறேன். நுழைந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி. விட்ட நேரத்தில் நான் வயலின் படித்தேன், ஏழைகளுக்கு உதவினேன் என்றெல்லாம் உன்னிடம் கதைவிடப் போவதில்லை. அந்தப் பின்னேரங்களில் பெரும்பாலும் வாய்க்கால் கரையில் காலை ஆட்டிக்கொண்டு இருந்தேன். அவை என்னுடைய பின்னேரங்கள். ஒன்றை விட்டவன் உடனே அதைவிடப் பெரியதைத் தூக்கிக்கொண்டு வந்து காட்ட வேண்டும் என்று கேட்கிறவர்களுக்கு, கையை வெறுமையாகவே விரித்துக் காட்டு.

போன கிழமை கடைக்கு அப்பாவின் சாப்பாட்டைக் கொண்டுபோனேன். வாசலில் நிற்கும்போது உள்ளே ஒரு ஐயா பாரை மீனை நிறுக்கக் கொடுத்துவிட்டு விசாரித்தார்.

“என்ன அண்ணை, உங்கடை மகன் விளையாட்டை விட்டபடியாலை இஞ்சை இடம் கிடைக்கேல்லையாம். ஏன், ஏதும் அடிபட்டதோ?”

காயம் என்று சொல்லியிருக்கலாம். லாச்சப்பலில் காயத்துக்கு எப்போதும் மரியாதை உண்டு. அப்பா கத்தியைத் தூக்கினார். “ஒரு அடியும் படேல்லை. அவன் தானா விட்டவன்,” என்றார். பாரையின் தலை ஒரே வெட்டில் போனது. “என்ன, துண்டைப் பெரிசா வெட்டவோ?”

ஐயா காசை எண்ணத் தொடங்கினார்.

மகனே, நீயும் ஒரு நாள் எதையாவது விடுவாய். பியானோவை விடுவாய், நீச்சலை விடுவாய், நான் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்ட ஏதோ ஒன்றை, மிகச் சரியாகத் தவறான மாதத்தில் விடுவாய். அப்போது எனக்குத் தலை நரைத்திருக்கும். நான் கத்துவேன். எந்த மாஸ்டரிடமாவது உன்னை இழுத்துக்கொண்டும் போவேன். இரத்தத்தில் இருப்பது லேசில் போகாது. பயப்படாதே. இந்தக் கடிதத்தை எடுத்து என் முகத்துக்கு முன்னால் பிடித்து, எழுத்துக் கூட்டியாவது சத்தமாக வாசி. நான் பறிக்கப் பார்ப்பேன். ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொள். ரயில் போகிற வீடாக இருந்தால் ரயில் போகும்வரை பொறுத்து, விட்ட சொல்லிலிருந்து வாசி. வாசித்து முடிந்ததும் நான் கட்டாயம் கேட்பேன், “அப்ப ஆர்டா உன்னைத் துரத்தினது?”

நிமிர்ந்து நின்று சொல்லு: “ஒருத்தரும் இல்லை, அப்பா. பசிக்குது.”